ஆட்டோகேட் 3டியில் ஒரு பொருளை நேர் மேலே ஏற்றுவது எப்படி: இசட் அச்சில் பிசகாமல் நகர்த்தும் வழிகள்

ஐசோமெட்ரிக் வியூவில், அதாவது மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கும் பார்வையில், ஸ்லாபை (கூரைப் பலகையை) பிடித்து மவுஸால் மேலே இழுக்கிறீர்கள். சுவரின் தலையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாகத் திரை காட்டுகிறது. டாப் வியூவுக்குப் போனால் ஸ்லாப் வீட்டின் மேலேயே இல்லை. மூலைவாட்டில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளி, தரையோடு தரையாகக் கிடக்கிறது. 3டி பழகத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் பிழை இது. காரணம் புரிந்துவிட்டால் பிறகு வராது.

மானிட்டர் தட்டையானது, மவுஸும் மேசைமேல் இரண்டு திசையில்தான் ஓடும். மூன்றாவது திசையை மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூலை, விளிம்பு போன்ற புள்ளிகளில் கர்சரை ஒட்டவைக்கும் ஸ்னாப் எதிலும் பிடிக்காமல் வெற்றிடத்தில் கிளிக் செய்தால், ஆட்டோகேட் அந்தப் புள்ளியை அப்போதைய யூசிஎஸ்ஸின் (நாம் திருப்பிக்கொள்ளக்கூடிய அச்சு அமைப்பின்) எக்ஸ்-ஒய் தளத்தில் வைக்கும். அதாவது தரையில். சவுத் வெஸ்ட் ஐசோமெட்ரிக்கில், பேரலல் புரொஜெக்ஷனில் (தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியாத பார்வையில்), 0,0,3450 என்ற புள்ளியும் 3450,3450,0 என்ற புள்ளியும் திரையில் ஒரே இடத்தில்தான் தெரியும். ஒன்று தலைக்கு மேலே மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மற்றது தரையில் வடகிழக்கே 4879 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அதனால் உயர வேலையில் திசையை எண்ணாலோ அச்சாலோ பூட்டுங்கள், சரிபார்ப்பதையும் எண்ணாலேயே செய்யுங்கள்.

கீழே எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். அலகு மில்லிமீட்டர், தரைமட்டம் 0. பிளிந்த் (தரைக்கு மேல் எழும் அடித்தளம்) 450, அதன் மேல் சுவர் 3000, ஸ்லாப் கனம் 125. ஆகவே ஸ்லாபின் அடி 3450-இலும் மேற்பரப்பு 3575-இலும் வரவேண்டும். ஜன்னல் சில் (ஜன்னலின் அடி விளிம்பு) தளத்திலிருந்து 900, ஜன்னல் உயரம் 1200. எனவே ஜன்னலின் அடி 1350-இல், லிண்டலின் (ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரத்தின்) அடி 2550-இல். வேலையைத் தொடங்கும் முன் இப்படி ஒரு மட்டப் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ‘தளத்திலிருந்து 900’ என்பதை அப்படியே இசட் மதிப்பாக அடித்து, ஜன்னலை 450 மில்லிமீட்டர் கீழே இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தொடங்கும் முன்

யூனிட்ஸ் கமாண்டில் அலகு மில்லிமீட்டர்தானா என்று பாருங்கள். அதே பெட்டியில் பிரிசிஷனை நான்கு தசம இடம் வரை வையுங்கள். முழு எண்ணில் வைத்தால் 3449.7 கூட 3450 என்றே தெரியும், பிழை ஒளிந்துகொள்ளும்.

யூசிஎஸ் வேர்ல்டில், அதாவது திருப்பாத மூல நிலையில், இருக்க வேண்டும். யூசிஎஸ் என்று அடித்து இரண்டு முறை என்டர் கொடுத்தால் போதும், வேர்ல்ட்தான் அதன் இயல்புத் தேர்வு.

திரையை விபோர்ட்ஸ் கமாண்டால் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டாப் வியூவும் மற்றதில் ஐசோமெட்ரிக்கும் வையுங்கள். நேர் மேலே போகும் பொருள் டாப் வியூவில் அசையவே கூடாது. அங்கே ஒரு கோடு நகர்ந்தாலும் ஏற்றம் கோணலாகிவிட்டது என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

அளவு தெரிந்தால்: மூவ் கமாண்ட் போதும்

1. எம் அடித்து என்டர். ஸ்லாபைத் தேர்ந்தெடுத்து மறுபடி என்டர்.
2. பேஸ் பாயின்ட் (நகர்த்தலைத் தொடங்கும் புள்ளி) கேட்கும்போது டி அடித்து என்டர். இது டிஸ்பிளேஸ்மென்ட் தேர்வு.
3. 0,0,3450 என்று அடித்து என்டர்.

அவ்வளவுதான். யூசிஎஸ் வேர்ல்டில் இருக்கும்வரை, எந்த வியூவில் நின்று கொடுத்தாலும், டாப் வியூவிலேயே கொடுத்தாலும், ஸ்லாப் நேராக ஏறும். கீழே இறக்க 0,0,-3450. இந்த வழியைத்தான் முதலில் பழக வேண்டும். ஸ்னாப்புக்கும் மவுஸுக்கும் இதில் வேலையே இல்லை, பிழை புகக் கதவும் இல்லை.

டி அடிக்காமல், பேஸ் பாயின்ட் கேட்கும் இடத்திலேயே 0,0,3450 என்று அடித்து இரண்டு முறை என்டர் கொடுப்பவர்களும் உண்டு. விளைவு ஒன்றுதான், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இரண்டாவது என்டருக்குப் பதில் கை தவறி எங்காவது கிளிக் செய்தால், 0,0,3450 என்பது தூரமாக இல்லாமல் பேஸ் பாயின்டாக ஆகிவிடும், ஸ்லாப் எங்கோ பறந்துவிடும். இங்கே @ குறியும் போடக்கூடாது. போட்டால் கடைசியாகக் கொடுத்த புள்ளியிலிருந்து கணக்கிடத் தொடங்கிவிடும்.

@ குறிக்கு உரிய இடம் வேறு. ஸ்லாபின் ஒரு மூலையைப் பேஸ் பாயின்டாகக் கிளிக் செய்துவிட்டு, இரண்டாவது புள்ளிக்கு @0,0,3450 என்று கொடுக்கலாம். இந்த இடத்தில்தான் ‘என் கணினியில் சரியாக வருகிறது, பக்கத்துக் கணினியில் வரவில்லை’ என்ற குழப்பம் வரும். எஃப்12 விசையால் இயங்கும் டைனமிக் இன்புட் ஆனில் இருந்தால், இரண்டாவது புள்ளியை மென்பொருள் தானாகவே சார்புத் தூரமாக எடுத்துக்கொள்ளும், @ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆஃபில் இருந்தால் @ இல்லாத 0,0,3450 என்பது ஆதிப்புள்ளியின் நேர் மேலே உள்ள ஒரு இடம். ஸ்லாபின் மூலை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் @ போட்டுப் பழகினால் இரண்டு கணினியிலும் ஒரே விடை வரும்.

எண்ணையும் மவுஸையும் சேர்த்துப் பயன்படுத்த, கர்சரை அச்சுகளின் திசையில் மட்டும் ஓடவிடும் ஆர்த்தோ இருக்கிறது. எஃப்8 அழுத்துங்கள். ஐசோமெட்ரிக் வியூவில் பேஸ் பாயின்டைக் கிளிக் செய்து, கர்சரை மேல்பக்கம் நகர்த்தும்போது டூல்டிப்பில் +இசட் என்று வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு 3450 மட்டும் அடித்து என்டர். அந்த +இசட் வராமல் எண்ணை அடித்தால் ஸ்லாப் பக்கவாட்டில் போகும்.

அளவு தெரியாவிட்டால்: பாயின்ட் ஃபில்டர்

தண்ணீர்த் தொட்டியை ஸ்லாபின் மேல் வைக்க வேண்டும், ஸ்லாப் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட விருப்பமில்லை. தொட்டியின் அடி மூலையைப் பிடித்து ஸ்லாபின் மூலையில் ஸ்னாப் செய்தால் உயரம் சரியாக வரும், ஆனால் தொட்டி அந்த மூலைக்கே நகர்ந்துவிடும். உயரம் மட்டும் ஸ்லாபுடையதாகவும், இருக்கும் இடம் தொட்டியுடையதாகவும் வேண்டும். அதற்குத்தான் ஃபில்டர்.

எம் கொடுத்துத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். பேஸ் பாயின்டாக அதன் அடியில் ஒரு மூலையை எண்ட்பாயின்ட் ஸ்னாப்பில் பிடியுங்கள். இரண்டாவது புள்ளி கேட்கும்போது, ஒரு முற்றுப்புள்ளி வைத்து அதை ஒட்டி எக்ஸ், ஒய் எழுத்துகளை அடித்து என்டர். இப்போது எக்ஸும் ஒய்யும் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்கிறது. தொட்டியின் அதே அடி மூலையை மறுபடி கிளிக் செய்யுங்கள். அடுத்து, இசட் தேவை என்று கமாண்ட் லைன் சொல்லும். ஸ்லாபின் மேற்பரப்பில் எந்த மூலையை வேண்டுமானாலும் கிளிக் செய்யுங்கள். தொட்டி இம்மியும் பக்கவாட்டில் நகராமல் ஸ்லாபின் மட்டத்துக்கு ஏறிவிடும்.

முதல் தடவை சுற்றிவளைப்பாகத் தோன்றும், பத்துத் தடவை செய்தால் கை தானாகப் போகும். ஏற்கெனவே கட்டிய ஒன்றின் மட்டத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவர இதைவிட நம்பகமான வழி ஆட்டோகேடில் இல்லை.

ஃபில்டர் கொடுத்தும் தொட்டி ஏறவில்லையா? ஓஸ்னாப்இசட் என்ற சிஸ்டம் வேரியபிளைப் பாருங்கள். அது 1-இல் இருந்தால், எந்த உயரத்தில் ஸ்னாப் செய்தாலும் அந்தப் புள்ளியின் இசட்டை எறிந்துவிட்டு எலிவேஷன் வேரியபிளில் உள்ள மதிப்பைப் போட்டுவிடும். 2டி வேலைக்காக யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். 0 கொடுத்தால் சரியாகிவிடும்.

நீல அம்பு: 3டிமூவ்

3டிமூவ் கொடுத்தால் பொருளின் மேல் மூன்று நிற அச்சுகள் கொண்ட கிஸ்மோ என்ற நகர்த்தும் கைப்பிடி வரும். சிவப்பு எக்ஸ், பச்சை ஒய், நீலம் இசட். நீல அச்சின் மேல் கர்சரை வைத்தால் அது நிறம் மாறி, திசை காட்டும் ஒரு நீண்ட கோடு தோன்றும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு கிளிக் செய்து, 3450 அடித்து என்டர். அச்சுகளுக்கு நடுவே உள்ள சிறு சதுரத்தைத் தொட்டால் அச்சு இல்லாமல் தளம் பூட்டப்படும், பொருள் சறுக்கிக்கொண்டு போகும்.

கமாண்ட் கொடுக்காமல் வெறுமனே தேர்ந்தெடுத்தாலே கிஸ்மோ வரவேண்டும். வரவில்லையென்றால் விஷுவல் ஸ்டைல் 2டி வயர்ஃப்ரேமில் இருக்கிறது. கான்செப்சுவல் போன்ற ஏதாவது ஒரு 3டி ஸ்டைலுக்கு மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் டிஃபால்ட்கிஸ்மோ வேரியபிளை 0 ஆக்குங்கள்.

கிஸ்மோவில் வரும் ஒரு பிழை நாள்கணக்கில் மறைந்திருக்கக்கூடியது. பொருளின் எந்தப் பகுதி தேர்வாக வேண்டும் என்பதைக் குறிக்கும் சப்-ஆப்ஜெக்ட் ஃபில்டர் ‘ஃபேஸ்’ என்று இருந்தாலோ, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கிளிக் செய்திருந்தாலோ, முழு ஸ்லாபும் தேர்வாகாது, மேற்பரப்பு மட்டும் தேர்வாகும். அதை 3450 ஏற்றினால் ஸ்லாப் தரையிலேயே நின்றுகொண்டு 3575 மில்லிமீட்டர் கனமுள்ள பாறையாக வளர்ந்துவிடும். கொடுமை என்னவென்றால், மேல் மூலையை அளந்தால் 3575 என்று சரியான மட்டமே வரும். அதனால் ஏற்றிய பிறகு எப்போதும் அடி மூலையையும் அளந்து பாருங்கள்.

ஃப்ரன்ட் வியூவில் காத்திருக்கும் இரண்டு பள்ளங்கள்

‘மேலே ஏற்ற வேண்டும், அப்படியானால் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஏற்றலாம்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் வியூ பட்டியலிலிருந்து ஃப்ரன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, யூசிஎஸ்ஆர்த்தோ வேரியபிள் 1-இல் இருந்தால் யூசிஎஸ்ஸும் சேர்ந்து திரும்பிவிடும். அது 1-இல் இருப்பதுதான் இயல்பு நிலை. இப்போது திரையில் மேல்நோக்கி இருப்பது ஒய். இசட் உங்கள் முகத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் 0,0,3450 கொடுத்தால் ஸ்லாப் வாசல் பக்கமாக மூன்றரை மீட்டர் முன்னால் வரும். ஃப்ரன்ட் வியூவில் அது தெரியவே தெரியாது. ஸ்லாப் நகரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கொடுப்பீர்கள், அது ஏழு மீட்டர் முன்னால் போய் நிற்கும்.

பிறகு ஐசோமெட்ரிக்குக்குத் திரும்பினாலும் யூசிஎஸ் தானாகப் பழைய நிலைக்கு வராது. யூசிஎஸ் என்று அடித்து இரண்டு என்டர் கொடுத்தோ, ஒரு தடவை டாப் வியூவுக்குப் போய்விட்டு வந்தோதான் சரிசெய்ய வேண்டும். யூசிஎஸ்ஆர்த்தோவை 0 ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கட்டட வேலை செய்பவர்கள் 0 வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது பள்ளம் ஆழம். ஃப்ரன்ட் வியூவில் முன்சுவரின் மூலையும் பின்சுவரின் மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஸ்லாபின் முன் மூலையைப் பிடித்துச் சுவரின் மேல் மூலையில் ஸ்னாப் செய்யும்போது, பிடிபட்டது பின்சுவர் மூலையாக இருந்தால் ஸ்லாப் ஏறுவதோடு வீட்டின் முழு ஆழத்துக்கும் பின்னால் போய்விடும். பக்கத்து விபோர்ட்டில் டாப் வியூ திறந்திருந்தால் அங்கே உடனே தெரியும்.

பல பொருள்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர

மூவ் என்பது கூட்டல் கணக்கு. ஏற்கெனவே 20-இல் இருக்கும் பொருளை 3450 ஏற்றினால் 3470-இல் நிற்கும். வெவ்வேறு உயரத்தில் சிதறிக் கிடக்கும் பொருள்களை ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால் மூவ் உதவாது. கன்ட்ரோல்+1 அழுத்தி ப்ராபர்ட்டீஸ் பலகையைத் திறந்து மதிப்பையே மாற்ற வேண்டும். வட்டங்களுக்கு சென்டர் இசட், பிளாக்குகளுக்கு பொசிஷன் இசட், 2டி பாலிலைனுக்கு எலிவேஷன். கோட்டுக்கு மட்டும் ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் என்று இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறந்தால் கோடு சரிந்துவிடும், டாப் வியூவில் அந்தச் சரிவு தெரியாது.

சர்வேயரிடமிருந்தோ வேறு அலுவலகத்திலிருந்தோ வரும் பிளானில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன இசட் வேறுபாடு அடிக்கடி இருக்கும். இரண்டு கோட்டுக்கு ஃபில்லெட் போட மறுப்பது, ஜாயின் சேர்க்காமல் விடுவது, மூடிய வடிவம் போலத் தெரிந்தும் ரீஜன் உருவாகாதது எல்லாம் இதன் அறிகுறிகள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இசட்டை 0 ஆக்கிய பிறகு எக்ஸ்ட்ரூட் செய்யத் (தட்டை வடிவத்துக்கு உயரம் கொடுக்க) தொடங்குங்கள்.

மாடிமேல் மாடி

ஒரு தளத்தை அப்படியே மேலே படியெடுக்க காப்பி கமாண்டிலும் இதே டி தேர்வுதான். ஆனால் தூரம் 3000 இல்லை, 3125. சுவர் 3000, ஸ்லாப் 125. 3000 கொடுத்தால் ஒவ்வொரு மாடியும் கீழேயுள்ள ஸ்லாபுக்குள் 125 மில்லிமீட்டர் புதைந்துகொண்டே போகும். முதல் மாடியில் கண்ணுக்குத் தப்பும். ஐந்தாவது தளத்துக்கு வரும்போது பிழை 500 ஆகியிருக்கும். மாடிப்படியின் படிக்கணக்கு இடிக்கும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். மாடிகள் நிறைய இருந்தால் ரெக்டாங்குலர் அர்ரேயில் ரோவும் காலமும் 1 வைத்து, லெவல் எண்ணிக்கையையும் லெவல் இடைவெளி 3125-ஐயும் கொடுங்கள். இடைவெளியைப் பிறகு மாற்றினாலும் எல்லா மாடியும் சேர்ந்து நகரும்.

ஏற்றிய பிறகு அளந்து பார்ப்பது

ஐடி கமாண்ட் கொடுத்து ஸ்லாபின் அடி மூலையைக் கிளிக் செய்யுங்கள். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் கமாண்ட் லைனில் வரும். இசட் 3450.0000 என்று இருக்க வேண்டும். 3449.9871 போல வந்தால் நடுவில் எங்கோ கண்மதிப்பில் கிளிக் செய்திருக்கிறீர்கள். இந்தச் சின்ன இடைவெளியை விட்டுவைக்காதீர்கள். சுவரும் ஸ்லாபும் உண்மையில் தொடாமல் இருக்கும்போது யூனியன் கொடுத்தால், பெயருக்கு ஒரே சாலிடாக மாறும், உள்ளே இரண்டு தனித்தனிக் கட்டிகளாகவே இருக்கும். மாடலை 3டி பிரின்டுக்கு அனுப்பும்போது கூரை தனியாகக் கழன்று வருவது இதனால்தான்.

இடைவெளியை மட்டும் அறிய டிஸ்ட் கொடுத்து, விடையில் டெல்டா இசட்டைப் படியுங்கள். மொத்தத் தூரத்தைப் படிக்காதீர்கள், சாய்வாக அளந்திருந்தால் அது கூடுதலாகக் காட்டும்.

ஸ்கெட்ச்அப்பில்

இங்கே வேலை இன்னும் சுலபம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: முதலில் குரூப். ஸ்லாபின் மேல் மூன்று முறை கிளிக் செய்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, மேக் குரூப் கொடுங்கள். குரூப் ஆக்காத ஸ்லாப், தொட்டுக்கொண்டிருக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதை ஏற்றினால் சுவரும் ரப்பர் மாதிரி இழுபட்டு வரும். ஏற்கெனவே ஒட்டியதை குரூப் ஆக்கும்போது சுவரின் பக்கங்களும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், சுவரைத் தொடும் முன்பே, வரைந்த கையோடு குரூப் செய்துவிட வேண்டும்.

பிறகு எம் விசை. ஸ்லாபின் அடி மூலையைக் கிளிக் செய்து, கீபோர்டில் மேல் அம்புக்குறியை ஒரு தடவை தட்டுங்கள். நகரும் கோடு தடித்த நீலமாகும். இனி மவுஸ் எங்கே போனாலும் பொருள் நீல அச்சில்தான் போகும். 3450 அடித்து என்டர். டெம்ப்ளேட் மீட்டரில் இருந்தால் எண்ணோடு எம்எம் என்ற அலகையும் சேர்த்து அடிக்கலாம். அளவு தெரியாவிட்டால், நீலப் பூட்டு இருக்கும்போதே சுவரின் மேல் விளிம்பில் எங்கே கிளிக் செய்தாலும் ஸ்லாப் அந்த மட்டத்துக்கு நேராக ஏறி நிற்கும். ஆட்டோகேடில் ஃபில்டர் வைத்துச் செய்த அதே வேலை, இங்கே ஒரே தட்டில் முடிகிறது.

கன்ட்ரோல் தட்டினால் நகர்த்தல் படியெடுப்பாக மாறும். 3125 கொடுத்து ஒரு படி எடுத்தவுடனேயே, வேறு எதையும் தொடாமல் பெருக்கல் குறிக்கு எக்ஸ் எழுத்தை வைத்து, அதை ஒட்டி 4 அடித்தால் மொத்தம் நான்கு படிகள் அதே இடைவெளியில் அடுக்கும்.

ஜன்னலை எப்படி நகர்த்தினாலும் அது சுவரைவிட்டு வராமல் அதன் தளத்திலேயே நகர்கிறதென்றால், அந்தக் காம்பொனென்ட் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து அன்க்ளூ கொடுங்கள்.

ஃப்ரீகேட், மற்றும் ஒய் மேலே இருக்கும் மென்பொருள்கள்

ஃப்ரீகேடில் பொருளைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் பிளேஸ்மென்ட்டை விரித்து, பொசிஷனில் இசட்டுக்கு 3450 எம்எம் கொடுத்தால் முடிந்தது. இது தூரமல்ல, மட்டம் என்பதை நினைவில் வையுங்கள். பார்ட் டிசைனில் மட்டும் விஷயம் மாறும். ஒரு தளத்தோடு அட்டாச் ஆன ஸ்கெட்சின் பிளேஸ்மென்ட்டை மாற்றினால், அடுத்த ரீகம்ப்யூட்டில் (மென்பொருள் மாடலை மறுபடி கணக்கிடும்போது) பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதற்கு அட்டாச்மென்ட் ஆஃப்செட்டில் இசட்டை மாற்ற வேண்டும். முழு உருப்படியையும் ஏற்றுவதென்றால் உள்ளே இருக்கும் பேடுகளைத் தொடாமல் பாடியின் பிளேஸ்மென்ட்டை மாற்றுங்கள்.

சாலிட்வொர்க்ஸில் மேல்நோக்கிய அச்சு இசட் இல்லை, ஒய். ஃப்யூஷனில் ஒய்யா இசட்டா என்பதைப் பிரிஃபரன்ஸில் நாமே தேர்ந்தெடுக்கலாம். அங்கே நிமிர்ந்து நின்ற உருப்படி ஆட்டோகேடுக்கு வந்ததும் மல்லாந்து படுத்திருப்பது இதனால்தான். அதை இசட்டில் ஏற்ற முயலும் முன், 3டிரொட்டேட் கொடுத்து எக்ஸ் அச்சைச் சுற்றி +90 டிகிரி திருப்புங்கள். -90 கொடுத்தால் தலைகீழாக நிற்கும்.